கம்பிகள் தரும் அகச்சான்று

ஒரு நூல் எக்காலத்தது, அதனை இயற்றியவர் யார், இடையே பிறர் கை புகுந்துள்ளதா என்னும் வினாக்கள் எழும்போது, தமிழறிஞர்கள் அகச்சான்று, புறச்சான்று என இருவகைச் சான்றுகளைத் தேடுவர். நூலின் வெளியே கிடைக்கும் செய்தி புறச்சான்று. நூலின் சொல்லும் நடையும் தாமே உரைப்பது அகச்சான்று. இதனை நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். ஆயினும் இம்முறை ஏடுகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் மட்டுமே உரியதன்று. பற்றாசும் செப்புக் கம்பியும் நிறைந்த ஒரு மரப்பெட்டிக்குள்ளும் இதே வினாக்கள் எழக்கூடும் என்பதை நான் அறிந்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான்.

என் பழைய மாணவர் ஒருவர் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறார். ஒருநாள் அவருடைய பணிமேசைமீது, வோக்ஸ் ஏ.சி.30 என்னும் ஆங்கிலேய ஒலிமிகைப்பி ஒன்று, பின்பலகை கழற்றப்பட்டு உள்ளுறுப்புகள் தெரியக் கிடந்தது. 1960களில் மேடைகளில் கிட்டார் வாசித்த ஒருவர் விட்டுச்சென்ற பொருள் அது. அவர் மறைந்தபின் மகன் அதனை விற்க முற்பட்டார். வாங்க வந்த வணிகரோ, "உட்கம்பிகள் மாற்றப்பட்டுள்ளன; இது மூலப்பொருள் அன்று" என்று கூறி மிகக் குறைந்த விலை பேசினாராம். தந்தை வாழ்நாளெல்லாம் ஒரு போலியைப் பெருமையோடு காத்துவந்தாரோ என்னும் ஐயம் அம்மகனை வாட்டியது. விலைக் குறைவினும் அவ்வையமே அவருக்குப் பெரிதாயிருந்தது. என் மாணவர் அப்பெட்டியின் உட்புறத்தை எனக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார். ஆசிரியன் மாணவனிடம் பாடம் கேட்ட நாள் அது. அன்று கேட்டவற்றோடு, பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகிறேன்.

ஆம்பிளிபயர் என்று பேச்சுவழக்கில் வழங்கும் ஒலிமிகைப்பி, மின்கிட்டாரில் பிறக்கும் மிக நுண்ணிய மின்னலையைப் பெருக்கி, ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றலுடையதாக்கும் கருவியாகும். அக்காலத்தில் இப்பணியைச் செய்தவை வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய்கள். 1950களில் அமெரிக்க இசைக்கருவிகளைப் பிரிட்டனுக்குள் கொணர்வதற்குத் தடைகள் இருந்தன. 1959ஆம் ஆண்டில் அவை நீங்கிய பின்னும் அக்கருவிகளின் விலை எளியவர்க்கு எட்டவில்லை. இல்லாமை ஒரு தொழிலைப் பிறப்பித்தது என்றே கூறவேண்டும்.

கெண்ட் வட்டாரத்து டார்ட்ஃபர்டு நகரில் டாம் ஜென்னிங்ஸ் நடத்திய நிறுவனத்திற்காக, தாமே கிட்டார் வாசிப்பவரான டிக் டென்னி என்பவர் 15 வாட் ஆற்றலுடைய ஏ.சி.15 என்னும் ஒலிமிகைப்பியை வடிவமைத்தார். அது 1958ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அரங்குகள் பெருகி, இளைஞர்களின் ஆரவாரமும் பெருகவே, 15 வாட் போதவில்லை. ஆற்றலை இருமடங்காக்கிய ஏ.சி.30 அடுத்துப் பிறந்தது. ஷேடோஸ் குழுவினரும் பின்னர் பீட்டில்ஸ் குழுவினரும் அதனைக் கையாண்டு உலகறியச் செய்தனர். 1961ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து இசை நிகழ்ச்சி நடத்தியதும், அதன்பின் இவ்வட்டாரத்தில் கிட்டார்க் குழுக்கள் மழைக்காளான்போல் முளைத்ததும் அக்கால இளைஞர் நன்கறிந்த செய்தி. என் மாணவரின் மேசைமீதிருந்த பெட்டி கடல் கடந்து வந்த காரணமும் அதுவே.

மற்றொரு கிளை மேற்கு இலண்டனில் தோன்றியது. டிரம்ஸ் கற்பிக்கும் ஆசிரியரான ஜிம் மார்ஷல் 1960ஆம் ஆண்டில் ஹான்வெல் பகுதியில் ஓர் இசைக்கருவிக் கடையைத் திறந்தார். கடைக்கு வந்த இளம் கிட்டார்க் கலைஞர்களின் வேட்கையை உணர்ந்து, கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரின் துணையோடு 1962ஆம் ஆண்டில் ஜே.டி.எம்.45 என்னும் ஒலிமிகைப்பியை உருவாக்கினார். அதன் மின்சுற்று அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மேன் ஒலிமிகைப்பியின் மின்சுற்றைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியது. ஆனால் மின்மாற்றி ஆங்கிலேயருடையது, ஸ்பீக்கர் ஆங்கிலேயருடையது, மின்தேக்கிகளும் அங்குக் கிடைத்தவையே. ஆகவே ஒலியும் வேறாயிற்று. இன்று உலகெங்கும் 'மூலம்' எனப் போற்றி மக்கள் தேடும் ஒரு பொருள், தோற்றத்தில் ஒரு படியே என்பது வியப்பன்றோ! எனினும் அதனைப் போலி என்று எவரும் கூறுவதில்லை. காரணம் எளிது. மார்ஷல் தம் பெட்டியின்மீது தம் பெயரையே பொறித்தார். ஃபெண்டர் என்று பொறிக்கவில்லை.

மூன்றாவதாகக் குறிப்பிடத்தக்கது ஹைவாட். முல்லார்டு நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய டேவ் ரீவ்ஸ் 1960களின் பிற்பகுதியில் இதனைத் தொடங்கினார். 1970களில் அதன் உட்கம்பி இணைப்புப் பணியை ஹாரி ஜாய்ஸ் என்பவர் ஒப்பந்த முறையில் ஏற்று நடத்தினார். இராணுவக் கருவிகளுக்குரிய ஒழுங்கோடு அமைந்த பணி என்று அது புகழ்பெற்றது. கம்பிகள் கோடு கிழித்தாற்போல் நேராகச் செல்லும். திரும்பவேண்டிய இடத்தில் செங்கோணமாகத் திரும்பும். ஒரே திசையில் செல்பவை கற்றையாக அடங்கிக் கிடக்கும். கையெழுத்துப் போட்டிக்கு எழுதிய தாளைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. அழகிய இணைப்புடைய ஹைவாட் எதனைக் கண்டாலும் "ஹாரி ஜாய்ஸ் தம் கையால் செய்தது" என்று விற்போர் பலர். அப்பணியில் அவருடைய பணிமனையினரும் ஈடுபட்டனர். பல காலத்துப் புலவர்களின் பாடல்கள் ஔவையார் என்னும் ஒரே பெயரின்கீழ் நிற்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

உட்கம்பி இணைப்பிற்கு இத்துணைச் சிறப்பு ஏன் என்று மாணவர் கேட்கலாம். அக்கால ஒலிமிகைப்பிகளில் இன்றுள்ள அச்சிட்ட மின்சுற்றுப் பலகை பெரும்பாலும் இல்லை. உலோகப் பெட்டியினுள், சிறு உலோக முனைகள் வரிசையாகப் பதிக்கப்பட்ட பலகை ஒன்று இருக்கும். மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் அம்முனைகளுக்கிடையே ஒவ்வொன்றாக வைத்து, கம்பியின் நுனியை முனையில் சுற்றி, பற்றாசை உருக்கிப் பிணைப்பர். வால்வின் அடிக்குச் செல்லும் கம்பிகள் செல்லும் வழியும் முக்கியமானது. வால்வுகளைச் சூடேற்றும் மாறுதிசை மின்சாரம் ஓடும் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, மற்றவற்றிலிருந்து விலக்கி வைக்கவேண்டும். தவறினால் ஸ்பீக்கரில் வண்டு முரல்வதுபோன்ற இரைச்சல் ஓயாது கேட்கும். நுண்ணலை செல்லும் கம்பியை வலுவான அலை செல்லும் கம்பிக்கு அருகே வைத்தால், கருவி தானே ஊளையிடத் தொடங்கும். வரைபடத்தில் இவ்விரு நிலைகளுக்கும் வேறுபாடே தெரியாது. இரண்டும் ஒரே கோடுதான். கம்பி எங்கே வளைந்தது, எவ்வளவு நீளம், எதன்மேல் ஏறிச் சென்றது என்பவை வரைந்தவர் கையிலன்று, இணைத்தவர் கையில் இருந்தன.

ஆகவேதான் இணைத்தவரின் கைப்பழக்கம் உள்ளே பதிந்து நிற்கிறது. முனையைக் கம்பியால் எத்தனை முறை சுற்றினார், பற்றாசை அளவாக இட்டாரா, அள்ளிப் பூசினாரா, மின்தேக்கியின் எழுத்துகள் மேல்நோக்கி இருக்குமாறு வைத்தாரா, கம்பியை இறுக்கமாக இழுத்தாரா, நெகிழவிட்டாரா என்பனவெல்லாம் எழுத்தின் சாய்வும் சுழியும் போன்றவை. முப்பது விடைத்தாள்களைப் பெயரின்றி என்முன் வைத்தால், இருபதையேனும் எவருடையவை என்று சொல்லிவிடுவேன். எந்த ஆசிரியருக்கும் அது இயலும். பழைய ஒலிமிகைப்பிகளை நூற்றுக்கணக்கில் திறந்து பார்த்தவர்களும் அவ்வாறே, ஒரு பார்வையில், "இது டார்ட்ஃபர்டு" என்றும் "இது பின்னாளில் வேறொருவர் செய்தது" என்றும் பிரித்துச் சொல்கின்றனர்.

பார்வை மட்டும் போதாது; சான்று வேண்டும். முதலில் உறுப்புகளை எடுத்துக்கொள்வோம். 1960களின் ஆங்கிலேயக் கருவிகளில் ஹண்ட்ஸ், பிளெஸ்ஸி, டுபிலியர் போன்ற நிறுவனங்களின் மின்தேக்கிகள் காணப்படும். கடுகு நிறத்தில் முல்லார்டு நிறுவனம் வெளியிட்ட மின்தேக்கிகள், இன்று விரும்பித் தேடுவோரிடையே 'மஸ்டர்டு' என்றே பெயர்பெற்றுவிட்டன. மின்மாற்றிகளில் ஹைவாட்டிற்குப் பார்ட்ரிட்ஜ், மார்ஷலுக்கு ரேடியோஸ்பேர்ஸும் பின்னர் டிரேக்கும், வோக்ஸுக்கு உடன், ஆல்பியன் முதலிய பெயர்கள் வரும். முல்லார்டு வால்வுகளின் கண்ணாடியில் சிறு குறியீடு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 'பி5கே2' என்றிருந்தால், பிளாக்பர்ன் தொழிற்சாலை, 5இல் முடியும் ஆண்டு, நவம்பர் மாதம், இரண்டாம் வாரம் என்று பொருள். ஆண்டின் இறுதி இலக்கம் மட்டுமே உள்ளது என்பதை நோக்குக. அது 1955ஆகவும் இருக்கலாம், 1965ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டு வட்டத்தில் மீண்டும் மீண்டும் வரும் ஆண்டுப் பெயரை மட்டும் கொண்ட கல்வெட்டு நமக்குத் தரும் இடர்ப்பாடே இது. பிற சான்றுகளோடு பொருத்திப் பார்த்தாலன்றி முடிவுகூற இயலாது.

அன்றியும், வால்வு தேய்ந்தால் கழற்றி மாற்றுவதற்கென்றே அமைந்தது. பழைய பெட்டியில் புதிய வால்வு இருப்பதால் பெட்டி போலியாகிவிடாது; புதிய பெட்டியில் பழைய வால்வைச் செருகுவதற்கு ஒரு நிமிடம் போதும். எளிதில் மாற்றக்கூடியது எளிய சான்று என்பதை ஒரு விதியாகவே கொள்ளலாம். மின்மாற்றியை மாற்றுவது அதனினும் கடினம். மாற்றினால் துளைகள் பொருந்தா, பழைய பொருளின் நிழல் உலோகத்தில் வெளிறிய வடிவமாய் எஞ்சிநிற்கும். எல்லாவற்றினும் கடினம், ஒருமுறையும் கலைக்கப்படாத பற்றாசு முனையைப் புதிதாய் உருவாக்குவது. பழைய முனையில் பற்றாசோடு கலந்த பிசின் நாளடைவில் தேன்நிறமாகக் கருகி, மெல்லிய வெடிப்புகளோடு காணப்படும். மீண்டும் சூடேற்றினால் அத்தோற்றம் மறைந்துவிடும். 2006ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைப் பயன்படுத்துவது பெரும்பாலும் விலக்கப்பட்டது. ஈயமற்ற பற்றாசு பொதுவாக மங்கலாகவும் சொரசொரப்பாகவும் உறையும். 1963ஆம் ஆண்டுக் கருவி என்று சொல்லப்படுவதன் உள்ளே அத்தகைய பற்றாசு இருந்தால் அந்த முனை அண்மைக்காலத்தது.

கம்பியின் நிறமும் பேசும். பிரிட்டனில் கருவிகளின் மின்வடத்திற்குச் சிவப்பு, கறுப்பு, பச்சை என்பதே பழைய மரபு. நம் நாட்டுப் பழைய வீடுகளின் சுவர்க் கம்பிகளிலும் இந்நிறங்களையே கண்டிருப்பீர்கள். 1970ஆம் ஆண்டையொட்டி அங்கே அது பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என மாறியது. ஒரு நூலில் பிற்கால அரசன் ஒருவனின் பெயர் வந்தால், அந்நூல் அவனுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது என்கிறோம். ஆனால் அப்பெயர் உள்ள செய்யுள் மட்டும் இடைச்செருகலாகவும் இருக்கலாமல்லவா? அதுபோலவே, 1964ஆம் ஆண்டுப் பெட்டியில் நீலக் கம்பி இருந்தால் மின்வடம் மட்டும் மாற்றப்பட்டதா, பெட்டி முழுவதுமே பிந்தியதா என்று ஆராய்தல் வேண்டும். முனை கலைந்திருந்தால் முன்னது, கலையாதிருந்தால் பின்னது.

இத்துணைச் சான்றுகளையும் போலி செய்வோரும் அறிவர் என்பதே சிக்கல். பயன்படுத்தப்படாத பழைய மின்தேக்கிகளும் மின்தடைகளும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. மின்சுற்று வரைபடமோ எவர்க்கும் கிடைக்கும். மார்ஷல் நிறுவனமே 1989ஆம் ஆண்டில் ஜே.டி.எம்.45 ஒலிமிகைப்பியை அச்சிட்ட மின்சுற்றுப் பலகையோடு மறுவெளியீடு செய்தது. அதனைத் திறந்த அளவிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். கையால் இணைத்துப் பழைய உறுப்புகளையும் பொருத்திய தனியார் படிகளில்தான் அறிஞரும் தடுமாறுவர். ஆகவே உறுப்புகளின் சான்றினும் கையின் சான்று வலிது என்று இத்துறையினர் கருதுவதில் நியாயம் உண்டு. பொருளை வாங்கலாம், ஒரு காலத்துப் பணிமனையில் நாள்தோறும் அதே வேலையைச் செய்து பழகிய கையை வாங்க முடியாது. ஐயத்திற்குரிய பெட்டியின் உட்புறப் படங்களை, வரலாறு தெளிவாக அறியப்பட்ட பெட்டிகளின் படங்களோடு முனைக்கு முனை ஒப்பிட்டு நோக்குவதே இன்றைய நடைமுறை. ஏடுகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாடபேதம் கண்ட உ.வே.சாமிநாதையர் இதனைக் கண்டிருந்தால் புன்முறுவல் பூத்திருப்பார்.

இம்முறையும் எல்லா இடத்தும் செல்லாது. ஹான்வெல் கடையில் உருவான முதற்சில ஒலிமிகைப்பிகள் சோதனை முயற்சிகள். செய்வோர் செய்துகொண்டே கற்றனர். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. 1964ஆம் ஆண்டில் ஹேய்ஸ் பகுதியில் தொழிற்சாலை அமைந்த பின்னரே சீர்மை வளர்ந்தது. ஆகவே மிகப் பழையதும் மிக விலையுயர்ந்ததுமாகிய பெட்டிகளை ஆராயும்போதுதான் ஒப்பிடுவதற்கு மூலபாடமே இல்லாமற் போகிறது. ஒழுங்கின்மையே பழமைக்குச் சான்றென்று சிலர் வாதிடுவதும் உண்டு. அது வழுக்குநிலம், ஒழுங்கின்றிச் செய்வது போலிக்காரனுக்கும் எளிதன்றோ!

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒன்றை வற்புறுத்திக் கூறவேண்டும். வால்வு ஒலிமிகைப்பியினுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கிநிற்கும். பயிற்சியற்றோர் தொட்டால் உயிருக்கே கேடு. ஆர்வம் காரணமாக எவரும் திறந்து பார்த்தல் ஆகாது.

அம்மின்தேக்கிகளைப் பற்றியே இத்துறையின் கடினமான வழக்கும் எழுகிறது. மின்வழங்கற் பகுதியிலுள்ள பெரிய மின்தேக்கிகளின் உள்ளே ஈரப்பசை உண்டு. பல்லாண்டு கழிந்தால் அது வறண்டு, மின்தேக்கி கசியும், சிலபோது வெடிக்கும், மின்மாற்றியையும் உடன் அழிக்கும். 1962ஆம் ஆண்டு இணைத்தவாறே எதனையும் தொடாமல் காத்தால், பெட்டி மாசற்ற மூலமாக இருக்கும். ஆனால் வாசிக்க முடியாது. மாற்றினால் வாசிக்கலாம், ஆனால் "மாற்றப்பட்டது" என்னும் பழி சேரும். வணிகர்கள் இரண்டையும் எதிரெதிராக வைத்தே விலைபேசுகின்றனர். எனக்கு இது பொருந்தாத வாதமாகவே படுகிறது. இசைக்கப் பிறந்த கருவி அறுபது ஆண்டு இசைத்துக்கொண்டிருந்தால் பழுது பார்க்கப்பட்டிருக்கவே வேண்டும். ஒரு மாற்றமும் இல்லாத பெட்டியைக் கண்டால் முதலில் ஐயுறுவதே முறை.

சிலர் இன்னொரு வழி கண்டுள்ளனர். பழைய மின்தேக்கியின் உறையை மெல்லத் திறந்து, உள்ளிருப்பதை அகற்றி, சிறிய புதிய மின்தேக்கியை உள்ளே வைத்து மூடிவிடுகின்றனர். வெளியே ஹண்ட்ஸ் என்றிருக்கும். உள்ளே இன்றைய பொருள். இது பழுதுபார்ப்பா, பொய்யா? இக்கேள்வியை என் மாணவரிடமே கேட்டேன். "சொல்லிவிட்டுச் செய்தால் பழுதுபார்ப்பு, சொல்லாமல் செய்தால் பொய்" என்றார். செயல் ஒன்றே, அதனோடு ஒரு துண்டுத்தாள் இருக்கிறதா இல்லையா என்பதில் அதன் பெயர் மாறிவிடுகிறது.

இனி, மேசைமீதிருந்த அந்த ஏ.சி.30 பெட்டிக்கு வருவோம். வணிகர் சுட்டிய குறைகள் இரண்டு. ஒன்று, பின்புறத்தில் தனித் தகட்டில் பொருத்தப்பட்ட இரு திருகுகளும், அவற்றிலிருந்து உள்ளே செல்லும் வேறு கம்பிகளும். இரண்டு, மின்வழங்கற் பகுதியில் மாறியிருந்த மின்தேக்கிகள். முதலாவது, 'டாப் பூஸ்ட்' என்னும் துணைச்சுற்று. ஏ.சி.30 ஒலியில் கூர்மை போதவில்லை என்று கலைஞர்கள் முறையிட்டதால், 1961ஆம் ஆண்டளவில் டார்ட்ஃபர்டு நிறுவனமே அதனைக் கூடுதல் உறுப்பாக வெளியிட்டது. கூடுதலாக ஒரு ஈ.சி.சி.83 வால்வு அதில் உண்டு. பின்னர் வந்த பெட்டிகளில் அது முன்தகட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. பின்புறத்தில் இருந்தமையே அது முற்பட்டது என்பதற்குச் சான்று. வணிகர் குறையெனக் கண்டது உண்மையில் பழமையின் முத்திரை.

இரண்டாவது குறை உண்மையே. அம்மின்தேக்கிகள் ஜப்பானில் செய்யப்பட்டவை. இணைத்த கையும் வேறு. பற்றாசு சற்று மிகுதி, கம்பிகள் நெகிழ்வாகச் சென்றன. ஆனால் அக்கை எதனையும் மறைக்கவில்லை. மரப்பெட்டியின் உட்பலகையில், மங்கிய பென்சில் எழுத்துகளில், மாற்றிய உறுப்புகளின் அளவும் 1971ஆம் ஆண்டின் ஒரு தேதியும் எழுதப்பட்டிருந்தன. வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடைக்காரர் எவரேனும் எழுதியிருக்கலாம். மகனை அழைத்து என் மாணவர் அவ்வரிகளைக் காட்டினார். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஜப்பானிய மின்தேக்கிகளும் இப்போது வறண்டுவிட்டிருந்தன. என் மாணவர் அவற்றை மாற்றினார். கழற்றியவற்றைத் தாளுறை ஒன்றிலிட்டு, பெட்டியின் அடியில் ஒட்டி வைத்தார். பிறகு பென்சில் ஒன்றைச் சீவி எடுத்து, பழைய வரிகளுக்குக் கீழே, மாற்றிய உறுப்புகளின் அளவையும் அன்றைய தேதியையும் எழுதினார்.